கழிவறைக் கதவில் ஒரு சாம்பல் கிண்ணம்

கருங்கல் பஸ் ஸ்டாண்டில்
மட்டிப்பழம் எடை போட நிற்கையில் பார்த்தேன்.
பெட்டிக்கடைத் தூணில் புகைந்துகொண்டிருந்த கயிற்றைப்
பிடித்து, குனிந்து,
பீடியின் நுனியை அதில் வைத்தார்.
அந்தக் குனிவை எனக்குத் தெரியும்.

இருபத்தொன்பது சி. தம்மாம், திருவனந்தபுரம்.
பெயர் ரெத்தினமணி. ஊர் பாலப்பள்ளம்.
பின்பக்கக் கழிவறையில் அலாரம் கத்தியபோது
கதவை வெளியிலிருந்து திறந்தவள் நான்.
(திறக்கலாம். அதற்கொரு தாழ் உண்டு.
பயணிகளிடம் சொல்வதில்லை.)
கை கழுவும் தொட்டியின் ஓட்டைக்குள்
குனிந்து ஊதிக்கொண்டிருந்தார்,
புகை அந்த வழியாகக்
கடலுக்குப் போய்விடும் என்பதுபோல.

அந்தக் கதவில் இன்னும் எதற்கு
ஒரு சாம்பல் கிண்ணம் என்று
பயிற்சியில் கேட்டிருக்கிறேன்.
புகைக்கக் கூடாது என்பது சட்டம்.
கிண்ணம் இருந்தாக வேண்டும் என்பதும் சட்டம்.
மீறுகிறவன் மீறுவான்,
காகிதத் தொட்டியில் போடாமலாவது இருக்கட்டும் என்றார்கள்.
மனுஷனை இவ்வளவு நம்பாமலும்
இவ்வளவு கரிசனமாகவும்
ஒரு சட்டத்தை வேறெங்கும் பார்த்ததில்லை.

அவர் கிண்ணத்தில்தான் அணைத்தார்.
மூன்று தடவை அழுத்தி,
மேலே இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு.

"ஒண்ணே ஒண்ணு வலிச்சேன் பிள்ளே."

என்ன சொல்கிறார், என்று இன்டர்காமில் கேப்டன். பஞ்சாபி.
எங்கள் பக்கம் புகைப்பதற்கும் அதுதான் சொல்,
நோவதற்கும் அதுதான்.
ஒன்றை மட்டும் மொழிபெயர்த்தேன்.

பிறகு படிவம்.
தீப்பெட்டி எப்படி உள்ளே வந்தது?
காலுறையைக் காட்டினார்.
தொழில்?
எண்ணெய் ஆலையில் தீக்காவல்.
வெல்டிங் பொறி பறக்கிற இடத்தில்
சிவப்பு உருளையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற வேலை.
பதினோரு வருஷம். கேட்டுக்கு உள்ளே
ஒரு குச்சி உரசினதில்லை என்றார், கேட்காமலே.
நாற்பத்தைந்து நாள் லீவு என்றார், அதையும் கேட்காமலே.
காரணம்?
"கை சும்மா இருந்துது."
அதை எழுத அந்தக் கட்டத்தில் இடமில்லை.
'காரணம் கூறவில்லை' என்று எழுதினேன்.
கிண்ணத்தில் அணைத்ததை
ஓரத்தில் எழுதினேன், யாரும் கேட்காத வரி.

தரையிறங்கியதும் எல்லோரும்
தலைக்கு மேலே பெட்டி தேட,
பெல்ட் விளக்கு அணைந்த பிறகும்
பெல்ட்டைக் கழற்றாமல் இருந்தார்.
போலீஸ்காரர்தான் கழற்றிவிட்டார்.

ஜாமீன் கிடைத்தது. பாஸ்போர்ட் கோர்ட்டில்.
சாட்சி சம்மன் எனக்கும் வந்திருக்கிறது.
தேதியை விரல் விட்டு எண்ணினேன்:
அவர் வந்திறங்கி ஐம்பத்திரண்டாம் நாள்.
அபராதம் எவ்வளவு என்று நீதிபதி சொல்வார்.
இந்த ஏழு நாள்
எந்த விதியிலும் எழுதியிருக்கவில்லை.

நான் சரியாகத்தான் செய்தேன்.
நூற்றெழுபத்துநாலு பேர். முப்பத்தாறாயிரம் அடி.
இன்னொரு தடவை அலாரம் கத்தினாலும்
கதவைத் திறப்பேன்.
மட்டிப்பழக்காரி மீதிச் சில்லறையை நீட்டிக்கொண்டே இருக்கிறாள்.

சுடிதாரில் என்னை அவருக்கு அடையாளமில்லை.
கொண்டை இல்லை, உதட்டுச்சாயம் இல்லை,
ஆங்கிலம் இல்லை.
"காத்து அங்கோட்டு அடிக்குது,
பிள்ளே இஞ்சோட்டு நில்லு" என்று
என்னைக் காற்றுக்கு மேற்பக்கம் நிறுத்திவிட்டு
தான் தள்ளிப்போய் நின்று வலித்தார்.

குளச்சல் பஸ் வந்தது.
பாதிப் பீடியைச் சுவரில் மூன்று தடவை அழுத்தினார்.
நுனியைத் தொட்டுப் பார்த்துச் சட்டைப் பையில் போட்டார்.
"பஸ்ஸுல பாடில்ல" என்றார்,
யாரிடமோ,
யாரும் ஒன்றும் கேட்காமலே.

கண்டக்டரிடம் அவர் பாலப்பள்ளத்துக்கு எடுத்தார்.
நானும் பாலப்பள்ளம்தான் போக வேண்டும்.
முந்தின ஸ்டாப்புக்கு எடுத்தேன்.