டொய்னாவின் சுவர்

உன் பெயர் டொய்னா என்று
என் புருஷன் சொல்லித்தான் தெரியும்.
முகம் தெரியாது.
உன் வீட்டுச் சுவரைத் தெரியும்.
இரவு பதினொன்றரைக்கு அவன் வீடியோவில் வரும்போது
தலைக்குப் பின்னால் பச்சைப் பெயின்ட்,
சூடாக்கும் இரும்புப் பெட்டி ஒன்று,
ஆணியில் உன் புருஷன் கிரிகோரே.
பெரிய மீனொன்றைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கிறான்.

அவனும் வெல்டராம்.
கொன்ஸ்தான்சா கப்பல் யார்டில் பதினாறு வருஷம்.
இத்தாலியிலிருந்து லீவில் வந்த கூட்டாளி
கிரிகோரேயின் ஒரு மாதச் சம்பளத்தை
கல்யாண வீட்டில் கவரில் வைத்துக் கொடுத்தானாம்.
அதற்குப் பிறகு அவனுக்கு
யார்டின் சைரன் சத்தம் பிடிக்காமல் போனது.
கடவுச்சீட்டுக்கூட வேண்டாம்,
அடையாள அட்டை போதும்.
காரில் பாட்டுக் கேட்டபடி எல்லை கடந்தான்.

அவன் வைத்துவிட்டுப் போன டோர்ச் குளிர்ந்து கிடந்த நாளில்
இங்கே டீசலுக்கு வரிசை.
கொட்பேயில் பட்டறை பூட்டு.
மூன்று நாள் வரிசையில் நின்று
வெறுங்கானோடு வந்தவன்
கானைக் கீழே வைக்காமலே சொன்னான்:
"போகப் போறன்."

ஏஜென்சிக்குப் பன்னிரண்டு லட்சம்.
என் கொடி அடகில்,
மிச்சம் வட்டியில்.
மான்கள் தெருவில் நின்று காகிதம் தின்னும் ஊர் இது, டொய்னா.
"ஐரோப்பா அழைக்கிறது" என்ற நோட்டீசை
பஸ் நிலையத்தடியில் ஒரு புள்ளிமான்
மென்று விழுங்கியதை நானே பார்த்தேன்.
அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

உன் முன்னறையில் ஆறு பேர்.
வாடகை சம்பளத்திலேயே வெட்டுப்படும்.
அந்தக் காசில் உன் மகளின் பல்லுக்குக் கம்பி போட்டிருக்கிறாயாம்.
கேட்டபோது எனக்குக் கோபம் வரவில்லை.
என் மகனுக்கும் முன்பல் கொஞ்சம் கோணல்,
அதைத்தான் நினைத்தேன்.

ஆறு பேரில் கிண்ணியா ரிஸ்மி
இப்போது அங்கே இல்லை.
டயர் ஏற்றிய லொறிக்குள் ஒளிந்து
ஹங்கேரிப் பக்கம் போனான்.
நெஞ்சு துடிப்பதைக் கண்டுபிடிக்கும் மெஷின்
எல்லையில் வைத்திருக்கிறார்களாம்.
மூச்சை அடக்கலாம்.
நெஞ்சை என்ன செய்வது?
கிரிகோரே பாட்டுக் கேட்டபடி போன
அதே ரோடு.

இனி என் சுவரைச் சொல்கிறேன்.

பட்டறை திறந்துவிட்டது.
வேலை தெரிந்த கை ஊரில் இல்லை.
முதலாளி பசறைப் பக்கமிருந்து
இரண்டு பெடியன்களைக் கொண்டுவந்தார்.
அதில் தவசீலன் என் முன்னறையில்.
மாதம் எட்டாயிரம்.
புருஷன் இல்லாத வீட்டில் இளந்தாரியா என்று
ஊர் கதைத்தது.
ஊர் வந்து வட்டி கட்டாது.

விடிய என் புருஷனின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு
என் புருஷனின் வேலைக்குப் போகிறான்.
சம்பளம் மட்டும்
என் புருஷன் வாங்கியதில் முக்கால்வாசி.
"அவங்கள் குறையக் கேட்டாலும் செய்வாங்கள்" என்று
முதலாளி சிரித்தாராம்.
கொன்ஸ்தான்சாவிலும் யாரோ
இதையே உங்கள் பாஷையில் சொல்லிச் சிரித்திருப்பார்கள்.
நீகூடக் கேட்டிருப்பாய்.

ராத்திரி அவன் தாயோடு கதைப்பது
சுவர் வழியே எனக்குக் கேட்கும்.
"ஒனக்குப் பின்னால அது யாருடா, படத்துல?"
"வீட்டுக்காரம்மாவோட ஆளு."
"எங்க இருக்காரு?"
கொஞ்ச நேரம் யோசித்து
ஒரு நாட்டின் பெயரைச் சொல்கிறான்.
ஒவ்வொரு தடவையும் வேறு நாடு.

நேற்று என் புருஷன் கேட்டான்:
"இந்த வெள்ளைக்காரன் எந்த நேரமும் முதுகைப் பாக்கிற மாதிரிக் கிடக்கு.
கழட்டிக் கட்டிலுக்குக் கீழ வைக்கட்டா?"

வேண்டாம், இருக்கட்டும் என்றேன்.
அந்த வீட்டு ஆளென்று சொல்ல
அங்கே ஒருவனாவது இருக்கட்டும்.