அளவுக்கு ஓர் ஆள்

"ஆள் இல்லாத படம் வேண்டாம்,
மலை எவ்வளவு பெரிதென்று எப்படித் தெரியும்?"
சேன்-தெனியிலிருந்து மொரேல்.

சாப்லே சமவெளியில் ஆளுக்கு எங்கே போக,
விடியற்காலை ஐந்தரைக்கு?
முக்காலியில் காமிராவை நிறுத்தி
பத்து நொடி வைத்துவிட்டு ஓடுவேன்,
எரிமலைக் கரி காலடியில் நொறுங்க.
பிறகு, வெகுநேரமாய் நிற்பவள் போல
சிவப்புச் சட்டையில் முதுகு காட்டி.

பதினான்கு வருஷம்.
சொல்லுக்குப் பதினொரு சென்ட்
படத்துக்கு நாற்பது யூரோ
முதுகுக்கு ஒன்றுமில்லை.

இன்று முழங்கால் பேச்சுக் கேட்கவில்லை.
ஏழாவது நொடியில் தடுக்கி
எட்டில் கையூன்றி
பத்தில் திரும்பிப் பார்த்துவிட்டேன்,
வாய் பிளந்தபடி.

அதையே அனுப்பினேன்.
மத்தியானம் பதில் வந்தது:

"யார் இந்தப் புது ஆள்?
பழையவளே நன்றாக நிற்பாளே."