சலவையறையில் என் முறை

என் சமையலறைக்குப் பத்து ஆம்பியர்.
இதற்கு அது போதாது.
ஆகவே கோதன்பர்க்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை
மூன்று மாடி, ஐம்பத்து நான்கு படி,
எவர்சில்வர் உருளையைக் கட்டிப்பிடித்தபடி இறங்கினேன்,
தாடை அதன் மூடிமேல்,
கால் எங்கே வைக்கிறேன் என்று தெரியாமல்.
காலியாகவே பன்னிரண்டு கிலோ.
பம்பு ஒருபக்கம் துருத்திக்கொண்டு
படிக்குப் படி விலாவில் இடித்தது.

நிலவறைச் சலவையறையில்தான் தாங்கக்கூடிய பிளக்.
முறைப்பலகையில் என் பூட்டை மாட்டியிருந்தேன்:
எட்டிலிருந்து ஒன்றுவரை, வீடு பதினேழு.
துவைக்கப்போகிறேன் என்று நான் எங்கும் எழுதவில்லை.

அறுபத்தேழு டிகிரி.
உடைத்த பார்லி ஊற ஊற
அடியில் உறிஞ்சி உச்சியில் ஊற்றுகிறது பம்பு,
ஒரு மணி நேரம், அலுக்காமல்.
எனக்கு வேலையில்லை.
யாரோ விட்டுப்போன ஒற்றைக் காலுறையைப்
பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகு உள்கூடையைத் தூக்கி விளிம்பில் மாட்டினேன்.
சொட்டி முடிக்க அது எடுத்துக்கொண்ட நேரமும்
இருபத்தெட்டு லிட்டர் கொதிக்க எடுத்துக்கொண்ட நேரமும்
என் கணக்கில் இல்லை.

சரியாக ஒரு மணிக்குக் கதவு திறந்தது.
குன்வோர் ஹெட்லுண்ட், இரண்டு கூடை திரைச்சீலை.
"என்ன வேகுது இங்கே?"
"பியர். இன்னும் இருபத்தைந்து நிமிஷம்."
"மணி ஒன்று."
மறுக்க முடியாது.
நகர்த்திவிடுகிறேன் என்று கைப்பிடிகளைப் பற்றினேன்:
கொதிநிலை, ஈர ஓட்டுத்தரை, ரப்பர் செருப்பு.

"டோர்கெல், தொடாதே."
திரும்பிப் பார்த்தேன்.
"தீக்காயப் பிரிவில் பதினாறு வருஷம் இருந்தவள் சொல்கிறேன்.
தொடாதே."

கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.
கவிழ்ந்த திரைச்சீலைகள் தரையில்.
கடைசிப் பிடி ஹாப்ஸை நான் முகரக் கொடுத்தேன்.
"பூனை வந்துபோன மாதிரி இருக்கிறது" என்று சொல்லி
அவரே தூவினார், உப்புப் போடும் கைவாகில்.

குளிர்சுருளில் புகுந்து
சூடேறி வெளிவந்த தண்ணீர் சாக்கடைக்குத்தான் போகும்.
போகவிடவில்லை. வாளிவாளியாய்ப் பிடித்துத்
திரைச்சீலைகளை ஊறவைத்தார்.
எனக்கு அது ஒருநாளும் தோன்றியதில்லை.

பிப்ரவரியில் நான் ஆற்றுக்கு அக்கரையில் வீடு மாறினேன்.
கட்டில், நாற்காலி எல்லாம் வண்டியில் போயாயிற்று;
இதை மட்டும் வண்டிக்காரர் தொட மறுத்துவிட்டார்,
அடி பட்டால் திரை செத்துவிடுமாம்.
குன்வோர் தன் சாமான் அறையிலிருந்து
ஒரு குழந்தைத் தள்ளுவண்டியை உருட்டி வந்தார்.
"ஸ்பிரிங் நல்லது. சாயாது."
யாருடையது என்று நான் கேட்கவில்லை.
வயரைச் சுற்றி, போர்வையில் பொதிந்து,
கழுத்துவரை இழுத்துவிட்டோம்.

டிராமில் தள்ளுவண்டிகள் நிற்கும் இடத்தில்
நாங்களும் நின்றோம்.
ஒருவர் குனிந்தார், பிறகு இன்னொருவர்.
பளபளத்த மூடியில்
எட்டிப் பார்த்தவருக்கெல்லாம் அவரவர் ஜாடை.

இறங்கும்போது பம்பின் மூக்கு கதவில் மாட்டிக்கொண்டது.
ஓட்டுநர் மணியடித்தார்.