வாங்கு

ஐஸ் கம்பெனிக் கணக்கு மேசைக்கு
திபாகர் மல்லிக் ஒரு சொல்லைக் கொண்டுவந்தான்,
உள்ளங்கையில் பேனாவால் எழுதி.
ஒடியா எழுத்து. வாசித்துக் காட்டினான்:
வாங்கு.
காசு கொடுத்துப் பெறுவது என்று
போன் சொல்கிறதாம்.
சரிதான் என்றேன்.
கடலூர் முதுநகருக்கு வந்து நாற்பது நாள்.
பாளம் உடைத்து லாஞ்சுக்கு ஏற்றுகிறவனுக்கு
இந்த ஒரு அர்த்தம் போதும் என்று நினைத்தேன்.

மறுநாள் விடியலில் திரும்ப வந்தான்.
சரியில்லை அக்கா.
துறைமுகப் படியேறிய அஞ்சலாட்சி
கூடையை இறக்கிவிட்டு
மூச்சு வாங்குது என்றாளாம்.
யார்கிட்ட? என்ன விலை?

கிழங்கான் பெட்டிகளை எண்ணுவதை
நாற்பத்தேழில் விட்டுவிட்டுச் சிரித்தேன்.
அது வேற வாங்கு.

அப்புறம் நின்றபாடில்லை.
மேஸ்திரி வேலை வாங்குகிறான்.
பாளத்தை நழுவவிட்ட பையன் அடி வாங்குகிறான்.
லாஞ்சுக்காரர் வட்டிக்கு வாங்குகிறார்,
அவர் மகள் கணக்கில் தொண்ணூறு வாங்குகிறாள்.
டீக்கடையில் எவனோ எவனையோ
பழிவாங்காமல் விடுவதில்லை என்கிறான்.
டீசல் பில்லோடு மூன்றாம் முறை வந்தவரிடம்
உயிர வாங்காதீங்க என்கிறேன் நானே.
எல்லாவற்றையும் கையில் எழுதினான்,
இடம் போதாமல் மணிக்கட்டு வரை.
பனிக்கட்டி தொட்டுத் தொட்டு
மதியத்துக்குள் பாதி அழிந்துவிடும்.

இந்த ஊர்ல எல்லாமே விலைக்கா அக்கா?

அப்போது காற்று சிப்காட் பக்கமிருந்து திரும்பியது.
அழுகிய முட்டை வாடை.
இத மட்டும் நாங்க வாங்கல, என்றேன்.
சும்மா வருது.

அவனிடம் நான் சொல்லாதது ஒன்று:
ஏலத்தில் அந்தச் சொல்லே கிடையாது.
எண்கள் ஏறும். யாரோ தாடையைச் சொறிவார்கள்.
வஞ்சிரம் கைமாறிவிடும்.
அஞ்சலாட்சி மீன் வாங்கி நான் கேட்டதில்லை,
எடுக்கிறாள்.
துணி எடுக்கிறோம், நகை செய்கிறோம்,
பெண் எடுக்கிறோம், கொடுக்கிறோம்.
காசு அதிகம் புழங்கும் இடங்களில்
சொல்லை மாற்றி வைத்திருக்கிறோம்.

மாதக் கடைசியில் காண்ட்ராக்டர் வந்தான்.
எட்டுப் பேரிடமும் கையெழுத்து வாங்கினான்.
பணம் திங்கக்கிழமை என்றான்.
பைக் கிளம்பும் வரை பேசாமல் நின்றுவிட்டு
திபாகர் கேட்டான்:
அக்கா, இது எந்த வாங்கு?

ரப்பர் ஸ்டாம்பை மையில் தொட்டேன்.
தேவையில்லாமல் இன்னொரு தடவை தொட்டேன்.

வாசலில் ஐஸுக்கு நின்ற அஞ்சலாட்சிதான்
பதில் சொன்னாள், என்னைப் பார்த்து.
கடல் உள்வாங்குச்சே, அந்த வாங்கு.
அம்மாந்தூரம் போயிடுச்சு.
மண்ணுல மீன் துள்ளுது.
சும்மா கெடக்குதேன்னு
எங்க நாத்தனா முந்தானைய ஏந்திகிட்டு ஓடுனா.
பிறகு, ரெண்டு பாளம் போடு தம்பி,
தூளா வேணாம், என்றாள்.

திங்கள் வந்தது. பணம் வரவில்லை.
புதன்கிழமை பாதி வந்தது,
மீதி சாப்பாட்டுக் கணக்கில் கழிந்ததாம்.
எட்டுக் கையெழுத்தும் முழுத்தொகைக்கு நேரே
என் ஃபைலில் இருந்தன.
முதலாளி அறைக்கு அதை எடுத்துக்கொண்டு போனேன்.
கதவு வரை.
உள்ளே காண்ட்ராக்டரின் சிரிப்பு கேட்டது.
பின்வாங்கினேன்.
அந்தச் சொல்லை அவனுக்கு நான் கற்றுத்தரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை
உப்பனாற்றுக் கரையோரம் வீட்டுக்குத் திரும்புகையில்
தகரக் கொட்டகை வாசலில் எட்டு ஜோடிச் செருப்பு.
கல் வைத்த அடுப்பு. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவன்
என்னைக் கண்டதும் எழுந்து
ஈரக்கையை லுங்கியில் துடைத்து
வாங்க அக்கா என்றான்,
பிழையில்லாமல்.

எதை என்று கேட்க
வாய் திறந்துவிட்டேன்.