தலை தட்டிய அளவு

நாளொன்றுக்கு அறுநூறு ரூபாய், மதியச் சாப்பாடு அவர்கள் பொறுப்பு.
எஸ்டேட் ஆபீசில் மூன்று வாரம் லீவு சொல்லிவிட்டு
முட்டிண்டாவின் வாயாகப் போனேன்.

சாம்பியாவிலிருந்து வந்த நர்ஸ். சம்பளம் கிடையாது அவளுக்கு.
கரடியூர்ப் பெண்கள் அதை நம்பவில்லை.
"சும்மாவா இத்தாந்தூரம் வருவாங்க?" என்றாள் ஒருத்தி.
உன்னைப் பார்த்ததில் இவர்களுக்குச் சந்தோஷமாம்
என்று ஆங்கிலத்தில் சொல்லிவைத்தேன்.
அப்படித்தான் தொடங்கியது.

பேரை அவர்கள் முத்து ஆக்கிக்கொண்டார்கள்.
அவள் திருத்தவில்லை.
பள்ளிக்கூடத்து ஒற்றை அறை,
காப்பிப் பழம் பறித்த கையோடு பதினாலு பேர்.
வெளியே சில்வர் ஓக்கில் ஏறிய மிளகுக் கொடி
மூடுபனியில் பாதி வரைக்கும்தான் இருந்தது.

வயிற்றுப்போக்கு, ஐந்தாம் நாள் பாடம்.
காய்ச்சி ஆறின தண்ணீர் ஒரு லிட்டர்,
ஆறு ஸ்பூன் சர்க்கரை, அரை ஸ்பூன் உப்பு.
"லெவல்" என்று ஸ்பூனை விரலால் வழித்துக் காட்டினாள்.
அதற்குத் தமிழ் தேடித் தடுமாறி
"தலை தட்டி" என்றேன் கடைசியில்.
எல்லோருக்கும் பிடித்துவிட்டது. சாமை அளக்கிற சொல்.
குவிச்சா ஆபத்து,
உப்பு கூடினா பிள்ளை தாங்காது, என்றேன்.

பின்னாலிருந்து சடைச்சி எழுந்து நின்றாள்.
அதுவரை யாரும் நின்று கேட்டதில்லை.
"போன ஐப்பசியில எனக்கு இது தெரிஞ்சிருந்தா
எம் பையன் இருந்திருப்பானான்னு கேளு."

யாரோ மடியில் பிள்ளையைத் தட்டிக்கொண்டிருந்த சத்தம்
நின்றது.

அதை மட்டும் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல்
கொண்டுபோய்க் கொடுத்தேன்.
எத்தனை மாதம்? ஒன்பது.
எத்தனை நாள் போனது? மூணு.
கண் உள்ளே போயிருந்ததா? ஆமா.
மூத்திரம் போனானா?
கடைசி நாள் இல்ல. அன்னிக்குத்தான் தூக்கிட்டு ஓடினோம்,
ஜீப் வர்ற எடத்துக்கு முன்னாலயே...

முட்டிண்டா ஸ்பூனைக் கீழே வைத்தாள்.
அநேகமாக ஆமாம், என்றாள்.
ஆங்கிலத்தில் அது இரண்டே சொல்.

நான் தமிழில் நிறையப் பேசினேன்.
அதை யாரால் சொல்ல முடியும், மழை வேறு,
காய்ச்சலும் சேர்ந்திருக்கலாம், உன் மேல் தப்பில்லை.
குவித்துக் குவித்துச் சர்க்கரை.

சடைச்சி என் வாயைப் பார்க்கவில்லை,
அவள் முகத்தையே பார்த்திருந்தாள்.
"சரி. அளவை இன்னொருக்காச் சொல்லச் சொல்லு"
என்று உட்கார்ந்தாள்.

திரும்பும் வழியில் காட்டெருமை.
டிரைவர் விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருந்தான்.
இருட்டிலிருந்து அவள் குரல் வந்தது:
எனக்குத் தெரிந்த தமிழ் பதினோரு சொல்.
முதல் சொல் ஆமா.
நீ சொன்னதில் அது இல்லை.

அந்த எருமை ரோட்டைக் கடக்க
எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டது!

அவள் கோபப்படவில்லை.
ஊரில் என் அக்கா இதையே கேட்டாள், என்றாள்.
நானும் உன்னைப் போல நிறையப் பேசினேன்.
அதற்கப்புறம் அவள் என்னிடம்
எதுவும் கேட்டதில்லை.

கடைசி நாள் வவுச்சரில் கையெழுத்திட்டுப் பணம் வாங்கினேன்,
பதினெட்டு நாளைக்கு.
ஐந்தாம் நாளையும் சேர்த்துத்தான்.

மாசியில் ஏற்காட்டுச் சந்தையில் சடைச்சி
உப்புப் பாக்கெட் வாங்கிக்கொண்டிருந்தாள்.
முத்து ஊருக்குப் போயிருச்சா என்றாள். போயாச்சு என்றேன்.
இடுப்பில் சாக்குச் சணலில் கட்டின ஒரு ஸ்பூன்.

"அன்னிக்கு அந்தப் பொண்ணு சொன்னது..."
"தெரியும்."

பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:
"ரெண்டு பிள்ளைக்குக் கலக்கிக் கொடுத்தேன்.
ஒண்ணு பொழைச்சிருச்சு.
இன்னொண்ணுக்கு வேற சீக்கு."
சில்லறையை எண்ணி முடித்து,
"நெசமாவே வேற சீக்கு" என்றாள்.