கூம்புக்கு இரண்டு விநாடி

முதலில் காரைக் காலி செய்யச் சொல்வார்கள்.
உருளக்கூடியது எதுவும் உள்ளே இருக்கக் கூடாது.

மணலியில், ஞாயிறு மட்டும் காலியாய்க் கிடக்கும்
கண்டெய்னர் யார்டின் எண்ணெய் குடித்த தரையில்
சாக்கு விரித்து எடுத்து வைக்கிறேன்:
ஸ்டெப்னி, ஜாக்கி,
நைட் டூட்டி சால்வை,
ஸ்டான்லி ஆஸ்பத்திரி அடையாள அட்டை,
தண்ணீர் பாட்டில் இரண்டு, எனக்கொன்று ரேடியேட்டருக்கொன்று,
மகன் விட்டுப்போன இடது கால் ஷூ.
வெள்ளிக்கிழமை வாங்கிய சங்கராவின் வாடையை மட்டும்
எடுத்து வைக்க முடியவில்லை.

இரண்டே பேர் உட்காரலாம். கோவாவில் செய்த வண்டி,
செய்த கம்பெனி இப்போது இல்லை.
"சீட்டுக் காசுல ரெண்டு சீட்டு வண்டியா?
வூட்ல மூணு பேரு" என்றார் ரூபன்.
அதனால் கோயிலுக்கு அவர் பைக்கில் முன்னால் போவார்,
நானும் பையனும் பின்னால்,
ஏதோ மந்திரிக்குப் பாதுகாப்பு போல.

பாடி ஃபைபர், துருவே பிடிக்காது என்றான் விற்றவன்.
எண்ணூர்க் காற்று மெனக்கெட்டுக் குனிந்து
அடியிலிருந்த இரும்பைத் தேடித் தின்றது.
பானெட் வெடித்தபோது
காசிமேட்டில் படகுக்கு ரெசின் பூசும் இன்னாசி
ஒரு சுற்று வந்தார், விரலை மடக்கித் தட்டிக் கேட்டார்.
"இதுவும் போட்டுதாம்மா. சக்கரம் வெச்ச போட்டு."
ஒரு சாயங்காலம், அறுநூறு ரூபாய்.
அவரிடம் மிச்சமிருந்தது நீலம்தான்.
சிவப்பு வண்டிக்கு நீல மூக்கு.

அண்ணா நகர்ப் பையன்
டயர்களைத் தனி வண்டியில் கொண்டு வந்திருக்கிறான்.
என் டயரில் நான் நாளைக்கு வேலைக்குப் போகணும்.
ரப்பரைக் கிராம் கணக்கில் செலவழிக்கிறேன்.

இரவல் ஹெல்மெட். கொடி.

இரண்டாவது கியர், அதற்கு மேல் இங்கே வேலையில்லை.
கூம்பு
     கூம்பு
கூம்பு
     எக்ஸ்பிரஸ் ரோட்டில்
ட்ரெய்லர்களுக்கு நடுவே பதினோரு வருஷம் பழகிய இடுப்பு
எனக்கு முன்பே திரும்புகிறது.
டயாலிசிஸ் வார்டில் ஊசி குத்துமுன்
நோயாளியின் கையில் விரல் வைப்பேன்,
தோலுக்கடியில் ரத்தம் பூனை மாதிரி உறுமும்.
ஸ்டியரிங்கிலும் அந்த உறுமல் உண்டு.
அது மெலிந்தால் முன்டயர் தரையை விடுகிறது.
மெலிகிறது. காலைக் கொஞ்சம் தூக்கு.
வந்துவிட்டது. இப்போது கொடு, கொடு,

கடைசி வாசலில் பின்பக்கம் தானாக ஒரு வீச்சு.
தொப்.

"அம்பத்தெட்டு புள்ளி நாலு!" ஜெனிட்டா கத்துகிறாள்.
அப்புறம் திரும்பிப் பார்த்து
இரண்டு விரலைக் காட்டுகிறாள்.
வெற்றி இல்லை அது. கூம்பு விழுந்திருக்கிறது.

மூன்றாவதாய் இருந்தவள் ஏழாவது.
நான்கு மணி நேரம்
ஒருவர் ரத்தம் சுற்றி முடியக் காத்திருப்பவள் நான்,
ஷிப்டுக்கு இரண்டு தடவை.
விநாடி என்ற ஒன்று இருப்பதே
இங்கே வந்துதான் தெரிந்தது.

சாக்கிலிருந்து எல்லாம் மறுபடி உள்ளே.
ஷூ மட்டும் இருக்கைக்கு அடியில் போகமாட்டேன் என்கிறது.

எர்ணாவூர் மேம்பாலத்தில் துறைமுக வரிசை.
முதல் கியர், நியூட்ரல், முதல் கியர், நியூட்ரல்.
ட்ரெய்லர் ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்த கிளீனர் பையன்
கதவில் ஒட்டியிருந்த நம்பரைப் படித்தான்.
"இன்னாக்கா, ரேஸா?"
"ஆமாம்" என்றேன்.
இருவரும் நாற்பது நிமிடம் அங்கேயே இருந்தோம்.

திங்கள் காலை, ஸ்டான்லி பார்க்கிங்.
பின்சக்கர வளைவுக்குள் செருகியிருந்தது
ஆரஞ்சு நிறத்தில் நகமளவு பிளாஸ்டிக்.
பிடுங்கி டேஷ்போர்டில் வைத்தேன்.
அடுத்த மாதம் அதையும்
எடுத்து வைக்கச் சொல்வார்கள்.