தெற்கெல்லை

சார்பதிவாளர் அலுவலகத்தில் தேடியது
எங்கள் வீட்டை.
கிடைத்தது இன்னொருவர் நிலம்.

முப்பத்தொன்றாம் வருஷத்துக் கிரயப் பத்திரம்.
விசாகப் பெருமாள் முதலியார் வாங்கிய நன்செய்
ஒரு காணி பன்னிரண்டு குழி.
அதற்கு நான்கெல்லை:
கிழக்கில் ஏரிப் பாசன வாய்க்கால்,
மேற்கில் மேற்படியார் வகையறா புஞ்சை,
வடக்கில் வண்டிப்பாட்டை,
தெற்கில்
அப்பாவு குடிசை.

அப்பாவு.
அப்பாவுடைய அப்பாவுக்கு அப்பா.
எங்கள் வீட்டுக்குப் பத்திரம் இல்லை.
முதலியார் நிலம் முடிகிற இடம் என்பதால்
ஒரு வரி.

நகல் எடுத்துக் கொடுத்தவர்
அடுத்தடுத்த கிரயங்களையும் புரட்டினார்.
ஐம்பத்தெட்டில், தெற்கில்
அப்பாவு பெண்சாதி வீராயி குடிசை.
எழுபத்து நாலில், தெற்கில்
புறம்போக்கு.

அப்பா பிறந்தது எழுபத்தாறு.

ஆறாம் வகுப்பில் ஒருத்தி
என்னை அந்த வார்த்தையால் திட்டினாள்.
அழுதுகொண்டு வந்து சொன்னேன்.
லாரிச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு
சிரித்தார் மனிதர்:
"சரியாத்தான் சொல்லியிருக்கா."
அதற்காக மூன்று நாள்
அவரோடு நான் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை
நானும் தம்பி யுவராஜும்
பெரும்பாக்கத்தில் இறங்கி நடந்தோம்.
ஏரிக்கரை மேல் கால்தடம் அளவுக்கே வழி.
ஒரு பக்கம் சம்பும் தாழைக்கோழியும்,
இன்னொரு பக்கம் பதினெட்டு மாடி,
பால்கனிதோறும் காயும் துண்டு.
தம்பி போனில் வரைபடத்தைத் திருப்பித் திருப்பி
வடக்கைத் தேடினான்.
எனக்கு அந்தப் பழைய தாளே போதுமாயிருந்தது.

வாய்க்கால் இருந்தது,
மேலே சிமெண்ட் பலகை போட்டு,
அதன்மேல் இரண்டு பைக் நிறுத்தி.
வண்டிப்பாட்டைக்கு இப்போது
அறுபதடி அகலமும் ஆங்கிலப் பெயரும்.
மேற்படியார் வகையறா புஞ்சையில்
ஷட்டில் ஆடுகிறார்கள்.
நிலத்தைச் சுற்றி மதில்,
மதிலின் மேல் கண்ணாடிச் சில்லு.

வாசல் காவலாளிக்கு ஊர் ஒடிசாவாம்.
நோட்டை நீட்டினார்:
பெயர், எங்கிருந்து, யாரைப் பார்க்க.
பெயரை எழுதினேன்.
அடுத்த கட்டத்தில் பேனா நின்றது.
"பின்பக்கம் போகணும்" என்றேன்.
"பின்னாடி ஒண்ணும் இல்ல மேடம்."

ஒன்றுமில்லாத இடத்துக்கு
சுற்றிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது.
நாயுருவி முழங்கால் வரை ஒட்டியது.
மதிலின் தெற்கு முகத்தில்
கையை வைத்துப் பார்த்தேன்,
வெயிலில் சுட்டது.
இந்தச் சுவர்தானே பத்திரத்தில் நம் வீடு
என்று தம்பியிடம் சொல்ல நினைத்தேன்.
அவன் நாய்க்குப் பயந்து
கல் பொறுக்கிக்கொண்டிருந்தான்.

அப்பாவுக்கு போன் போட்டேன்.
எங்கே நிற்கிறோம் என்று சொன்னதும்
கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.
அப்புறம் கேட்டார்:
"செவுத்தப் பாத்தா நிக்கற?"
"ஆமா."
"அது அவங்க எடம். திரும்பு."

திரும்பினேன்.
வரிசையாகத் தண்ணீர் லாரிகள்,
வேப்பமர நிழலில் ஒரு கிணறு,
பம்பு செட்டு, பச்சைக் குழாய்.
"லோடு நிக்குதா?"
"நாலு நிக்குதுப்பா."
"ஞாயித்துக்கிழமைல, நிக்கும்."

இருபத்திரண்டு வருஷம்
இந்தக் கிணற்றில் ரொப்பி
வேளச்சேரிக்கும் துரைப்பாக்கத்துக்கும்
தண்ணீர் அடித்திருக்கிறார்.
லோடு ஒன்றுக்கு இவ்வளவு என்று
கிணற்றுக்காரருக்குக் காசும் கொடுத்து.

"ஏன்ப்பா சொல்லல?"
"சொல்லிட்டு?"

யுவராஜ் குழாய் கசிகிற இடத்தில்
முகம் கழுவப் போனான்.
லாரி டிரைவர் ஒருத்தர்
"யார்மா நீங்க, பிளாட் பாக்க வந்தீங்களா"
என்று கேட்டார்.
போன் இன்னும் காதில் இருந்தது.
அந்தப் பக்கம் அப்பா
என்ன சொல்லப் போகிறேன் என்று
கேட்டுக்கொண்டிருந்தார்.